குளத்தில் கிடைத்த சிலையும் எழும்பூருக்குப் போய்வந்த கடிதங்களும்

நன்னிலம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய ஊரில் 1930களில் குளம் தூர்வாரும்போது ஐந்தாறு செப்புச் சிலைகள் கிடைத்தனவாம், தாசில்தார் வந்து எடுத்துப் போனாராம், அப்புறம் அவை சென்னையில் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விட்டன என்று அவருடைய தாத்தா சொல்வாராம். "வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்" என்பது ஊர்ப்பேச்சு. தம்பியின் கேள்வி இது: அந்தக் காலத்தில் மியூசியத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி அன்றாடம் என்னதான் எழுதிக்கொண்டிருந்தார், எங்கள் ஊர்ச் சிலைக்காக ஒரு கடிதமாவது எழுதியிருப்பாரா, எழுதியிருந்தால் அதை எங்கே போய்த் தேடுவது?

எழுதியிருப்பார் தம்பி. ஒரு குவியல் சிலைக்கு ஏழெட்டுக் கடிதமாவது போய்வராமல் அந்த வேலை முடியாது. ஆனால் அதில் சோழர் கலை, வார்ப்பின் அழகு என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். எடை எவ்வளவு, உலோகத்துக்கு விலை என்ன, பெட்டி செய்த தச்சனுக்குக் கூலி எந்தக் கணக்கில் எழுதுவது, ரயில்வே ரசீது ஏன் இன்னும் வந்து சேரவில்லை, இவ்வளவுதான் இருக்கும். படிக்கச் சலிப்பாக இருக்கும் இந்தத் தாள்கள்தான் உங்கள் ஊர்ப் பெயரைச் சிலையிலிருந்து பிரிந்து போகாமல் இன்றுவரை பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த அதிகாரி யார் என்று பார்த்துவிடலாம். 1920 முதல் 1940 வரை சென்னை மியூசியத்தின் சூப்பரின்டெண்டாக இருந்தவர் எஃப். எச். கிரேவ்லி. படிப்பால் விலங்கியல்காரர், கல்கத்தா இந்தியன் மியூசியத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், சிலந்தியும் தேளும் அவருடைய ஆராய்ச்சி. அந்த ஒரே மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூடு, பழைய நாணயம், செடிகொடி, அமராவதிக் கல் எல்லாம் இருந்ததால் இவருடைய மேசைக்கு எல்லாமே வரும். காலையில் மன்னார் வளைகுடாவில் பிடித்த நண்டைப் பற்றி ஒரு கடிதம், மதியம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டரிடமிருந்து பூமிக்கடியில் கிடைத்த விக்கிரகங்களைப் பற்றி ஒரு கடிதம், என்ற மாதிரியான மேசை. பக்கத்தில் தொல்பொருள் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் டி. என். இராமச்சந்திரன். எந்தச் சிலை எந்த மூர்த்தி, கையில் இருப்பது மழுவா மானா என்றெல்லாம் அடையாளம் சொல்வதில் அவருடைய அறிவு இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது.

சரி, சிலை எப்படி எழும்பூருக்கு வந்தது? எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1878இல் வந்த புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்து கிடந்து வெளியே வருவது, பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், சுமாராக என்ன பெறும், எந்த இடத்தில் கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது, இவற்றைச் சொல்லிவிட்டுப் பொருளைப் பக்கத்து அரசாங்கக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் ஜாமீன் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டுமே. இந்த நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

காவிரிப் படுகையில் கண்டெடுப்பவர் யார்? பெரும்பாலும் மண்வெட்டி பிடித்தவர்தான். மிராசுதார் நிலத்தில் வரப்பு வெட்டும்போது, கீழத்தெருவில் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது, குளம் தூர்வாரும்போது. 1311இல் மாலிக் கபூர் படை தெற்கே வந்ததிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டுச் சண்டைகள் வரை, பயந்த காலத்தில் எல்லாம் கோயில்காரர்கள் உற்சவ மூர்த்திகளை மண்ணுக்குள் இறக்கி மூடினார்கள். இடம் தெரிந்தவர்கள் செத்துப்போக, சாமி அப்படியே மண்ணில் தங்கிவிட்டது. எத்தனையோ தலைமுறை கழித்து ஒரு பண்ணையாளின் மண்வெட்டியில் 'டங்' என்று சத்தம் கேட்கும். அவருக்கு எழுதத் தெரியாது. சேதி தலையாரி வழியாகக் கிராம முன்சீப்புக்குப் போகும், ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் ரிப்போர்ட் எழுதுவார், அது தாலுகா கச்சேரிக்குப் போகும்.

என் அம்மா வழித் தாத்தா கர்ணமாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பழைய அடங்கல் நகல்களுக்கு நடுவே இப்படி ஒரு ரிப்போர்ட்டின் கைப்படி இருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது பார்த்தேன். "ம-ரா-ரா-ஸ்ரீ தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கும். சர்வே நம்பர், நான்கெல்லை, பட்டாதாரர் பெயர், கிடைத்த விக்கிரகம் இரண்டு, பீடம் ஒன்று, எடை இத்தனை வீசை இத்தனை பலம், மஹஜர், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு, எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியாயிற்று என்று முடியும். ஒரு வீசை 120 தோலா, இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. அதில் சாமியின் பெயர்கூட இல்லை. "ஸ்திரீ விக்கிரகம் ஒன்று" என்றுதான் இருந்தது. அம்மனை ஸ்திரீ விக்கிரகம் என்று எழுத என் தாத்தாவுக்கு மனசு வந்ததே என்று அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகுதான் புரிந்தது: பார்வதியா, பூதேவியா, ஏதாவது ஒரு நாயன்மாரின் மனைவியா என்று நிச்சயமாகத் தெரியாததை அவர் எழுதவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் எழுதினார். அந்த ரிப்போர்ட்டின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

தாலுகாவுக்கு வந்த சிலை கருவூல அறையில், பணப்பெட்டிக்கும் முத்திரைத்தாள் கட்டுக்கும் பக்கத்தில், பூட்டி வைக்கப்படும். கலெக்டர் ஒரு அறிவிப்பு வெளியிடுவார்: இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைத்திருக்கிறது, உரிமை உள்ளவர்கள் இன்ன தேதியில் ஆஜராகலாம். அந்தத் தேதி, அறிவிப்பு வந்து நான்கு மாதம் ஆவதற்குள்ளும் இருக்கக்கூடாது, ஆறு மாதத்தைத் தாண்டியும் போகக்கூடாது. இங்கேதான் "தூக்கிக்கொண்டு போனார்கள்" என்ற பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஊரார் சேர்ந்து அர்ஜி போட்டு, இது எங்கள் கோயில் சாமி என்று காட்ட வழி இருந்தது. ஆனால் இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முன் புதைத்ததற்கு எவரிடம் சாசனம் இருக்கும்? அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொண்டு ஜில்லாத் தலைநகருக்கு வண்டி கட்டிப் போக எத்தனை பேரால் முடிந்திருக்கும்? திருட்டு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஊருக்கு நியாயமான வாய்ப்பு கிடைத்தது என்றும் சொல்ல மாட்டேன்.

இந்த நேரத்தில்தான் எழும்பூர் மேசை உள்ளே வருகிறது. கலெக்டர் பட்டியலை சூப்பரின்டெண்டுக்கு அனுப்பி, இவற்றில் மியூசியத்துக்கு எது வேண்டும் என்று கேட்பார். சூப்பரின்டெண்ட் உடனே சொல்லிவிட முடியாது. "ஸ்திரீ விக்கிரகம் ஒன்று, உயரம் ஒன்றரை அடி" என்பதை வைத்து என்ன முடிவு எடுப்பது? அதனால் திரும்ப எழுத வேண்டும்: போட்டோ அனுப்ப முடியுமா, இல்லையென்றால் பொருளையே அனுப்ப முடியுமா, பீடத்தில் எழுத்து இருக்கிறதா, உடைந்த துண்டுகளையும் விடாமல் சேர்த்து அனுப்பவும். பதில் வர வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் நினைவூட்டல் போக வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில், "தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்" என்ற முடிவோடு. கலெக்டர் ஆபீசிலிருந்து அது தாசில்தாருக்குத் தாக்கீதாக, அதாவது உத்தரவாக இறங்கி, தாசில்தாரிடமிருந்து முன்சீப்புக்குத் தமிழில் யாதாஸ்து என்ற குறிப்பாகப் போகும். பதிலும் அதே படிகளில் ஏறி வர வேண்டும். படிக்குப் படி ஏதாவது ஒன்று உதிர்ந்துபோகும். ஊர்ப் பெயரின் எழுத்து மாறும், "குளத்து வடகரை" என்று கர்ணம் எழுதியது "ஒரு குளத்தருகே" என்று ஆகிவிடும்.

விலை விஷயம்தான் எனக்கு ஆறாத கோபம். வாங்குவது என்று முடிவானால் அரசு கொடுக்க வேண்டிய தொகை சட்டத்திலேயே இருக்கிறது: உலோகத்தின் மதிப்பு, அதோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு நடராசரின் செம்பு 50 ரூபாய் பெறும் என்று கணக்காகிவிட்டால், 60 ரூபாயோடு விஷயம் முடிந்தது. ஸ்தபதியின் கைக்கு விலை கிடையாது. பூமியில் கிடந்த அண்டாவும் ஆடவல்லானும் ஒரே எடை என்றால் ஒரே விலை. உரிமை கோர யாரும் வராத புதையலில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மிராசுதார் நிலத்தில் மிராசுதார் கூலிக்கு வெட்டிய பண்ணையாள், தாசில்தார் முன்னால் நிமிர்ந்து நின்று "கண்டெடுத்தவன் நான்தான்" என்று சொல்ல அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லாவில் என்ன தைரியம் வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அனுப்புவது ஒரு தனி வேலை. வைக்கோல் சுற்றி, சாக்கில் தைத்து, மரப்பெட்டியில் இறக்கி ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் எடை போட வேண்டும். நன்னிலம் பக்கத்துச் சிலை என்றால் ஜில்லா போர்டு கட்டிய ரயில்பாதையில் மாயவரம் ஜங்ஷன் வந்து, அங்கே தென்னிந்திய ரயில்வே மெயின் லைனுக்கு மாறி, சிதம்பரம் விழுப்புரம் வழியாக எழும்பூரில் இறங்கும். 1908இல் திறந்த எழும்பூர் ஸ்டேஷனும் மியூசியம் இருக்கும் பாந்தியன் சாலையும் கூப்பிடு தூரம். நம் பக்கத்துச் சாமிகள் பட்டணத்தில் இறங்கி மிச்சத் தூரம் மாட்டுவண்டியில் போயிருப்பார்கள் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன். எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் அந்த நினைப்பு வரும்.

போய்ச் சேர்ந்தபின் இன்னொரு கவலை. கடலோரத்து உப்பு மண்ணில் கிடந்த செம்பில் குளோரைடு ஏறியிருக்கும். வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும். விட்டால் முகம், விரல் எல்லாம் தின்றுவிடும். ஊரில் கிடைத்த உடனே பக்தியோடு புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிடுவது அதைவிட மோசம், பீடத்து எழுத்து இருந்தால் அதோடு போயிற்று. 1930இல் சென்னை மியூசியத்தில் வேதியியல் பாதுகாப்புக்கென்று ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கி, எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். காஸ்டிக் சோடாக் கரைசலில் சிலையை இறக்கி, மெல்லிய மின்சாரம் செலுத்தி, அரிப்பை மெதுவாக நீக்கும் முறையில் அங்கே வேலை நடந்தது. தஞ்சைப் பெரிய கோயில் உள்சுற்றில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தாரே, அந்தச் சுவரின் சுண்ணாம்பையும் வண்ணத்தையும் ஆராய்ந்தவரும் இதே பரமசிவன்தான். இந்த மனிதரைப் பற்றி நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வரிகூடச் சொல்லித் தருவதில்லை.

நாகப்பட்டினத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசர் கட்டிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்த ஊர். இராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்கு விட்டுக்கொடுத்த செப்பேடு இன்று ஹாலந்திலுள்ள லெய்டனின் பெயரில் வழங்குகிறது. அங்கே 1856இல் தொடங்கி 1930கள் வரை, விட்டு விட்டு, மொத்தம் 350 அளவில் பௌத்தச் செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து வந்தன. சில ஒரு சாண் உயரம்கூட இல்லை. இத்தனையும் ஒரே வகை என்பதால், இரட்டையாக இருப்பவை வேறு மியூசியங்களுக்குப் பிரிந்து போயின. அப்படிப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம், ஒரு பட்டியல், ஒரு ரசீது. அந்தப் பட்டியல்கள் இருப்பதால்தான் வேறு ஊரில் கண்ணாடிக்குள் நிற்கும் ஒரு சின்னப் புத்தரை இன்றைக்கு நாகப்பட்டினத்துப் புத்தர் என்று சொல்ல முடிகிறது. அவற்றைப் பற்றி இராமச்சந்திரன் எழுதிய முழு ஆய்வு 1954இல்தான் அச்சில் வந்தது.

இப்போது ஊர்ப் பெயருக்கு வருகிறேன். கிரேவ்லியும் இராமச்சந்திரனும் சேர்ந்து 1932இல் மியூசியத்தின் இந்து உலோகத் திருமேனிகளுக்கு ஒரு கேட்டலாக் போட்டார்கள். அந்தத் தொகுப்பின் திருமேனிகளை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வேளாங்கண்ணி நடராசர், கண்கொடுத்தவனிதம் நடராசர், வடக்குப்பனையூர் இராமர் என்றுதான் சொல்கிறார்கள். கண்கொடுத்தவனிதம் என்று ஒரு ஊர் கொரடாச்சேரிப் பக்கம் இருப்பது சென்னையில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனாலும் உலகத்தில் எங்கே சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பெயர் வரும். ஒரு கர்ணம் எழுதி, ஒரு தாசில்தார் மேலே அனுப்பி, ஒரு குமாஸ்தா டைப் அடித்து, ஒரு சூப்பரின்டெண்ட் பதிவேட்டில் ஏற்றியதால் வந்தது அது.

கடிதம் எழுதப்படாத சிலைக்கு என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுங்கள். அதே கொரடாச்சேரிப் பக்கம் பத்தூரில் 1976இல் ஒரு நடராசர் மண்ணிலிருந்து வந்தார். யாரும் கலெக்டருக்கு எழுதவில்லை. கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தார். அவர் பத்தூர்க்காரர்தான் என்று அங்கே நீதிமன்றத்தில் நிரூபிக்க, அதே இடத்தில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒட்டியிருந்த மண்ணை ஒப்பிட வேண்டியிருந்தது, உலோகத்தை ஒப்பிட வேண்டியிருந்தது, கறையான் புற்றின் தடத்தைக்கூட ஆராய வேண்டியிருந்தது. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி போய்ச் சாட்சி சொன்னார். 1991இல் நடராசர் திரும்பி வந்தார். ஒரு தாள் இருந்திருந்தால் இத்தனையும் வேண்டியிருந்திருக்காது.

சரி, எங்கே தேடுவது? முதலில் அந்த 1932 கேட்டலாக். சிலை அதற்குமுன் போயிருந்தால் அதில் ஊர், தாலுகாவோடு இருக்க வேண்டும். பிறகு போயிருந்தால் மியூசியத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். அந்த வருஷம் எந்த ஜில்லாவிலிருந்து என்ன வந்தது என்று அதில் போடுவார்கள். அதோடு ஒரு விண்ணப்பம் எழுதி, மியூசியத்துக்குள் வந்த பொருள்களைப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த ஆண்டுகளைப் பார்க்க அனுமதி கேளுங்கள். அரசாணைகளுக்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அதுவும் எழும்பூர் ஸ்டேஷன் எதிரேதான். ஊர்ப் பெயரைத் தமிழ் உச்சரிப்பில் தேடாதீர்கள். அந்தக் கோப்புகளில் சீர்காழி 'ஷியாலி', தஞ்சாவூர் 'டாஞ்சோர்', நாகப்பட்டினம் 'நெகபடாம்'. உங்கள் ஊருக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் யோசித்து எழுதிக்கொண்டு போங்கள். இன்றைய மாவட்டத்தையும் மறந்துவிடுங்கள். அப்போது நன்னிலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தாலுகா.

கோப்பு எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் கவனியுங்கள். 'ஆர்.டிஸ்' என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது, 'டி.டிஸ்' என்றால் பத்து ஆண்டில் அழிக்கலாம். இன்றைய அலுவலகங்களில் நி.மு., ப.மு. என்று போடுகிறார்களே, அதுதான். எந்தக் குமாஸ்தா எந்த எழுத்தைப் போட்டார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் ஊர்க் கடிதம் இருப்பதும் இல்லாததும். நான் ஒரு அலுவலகத்தில் என் தாத்தா ஊர்க் கோப்பைத் தேடிப் போனபோது எண் பதிவேட்டில் இருந்தது, கோப்பு இல்லை. ஆனால் பதிவேட்டின் அந்த ஒரு வரியே தேதியையும் சிலைகளின் எண்ணிக்கையையும் கொடுத்தது. அதனால் கோப்பு இல்லை என்று சொல்லிவிட்டால் எழுந்து வந்துவிடாதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்.

கடைசியாக, முன்னால் சொன்ன நான்கு கேள்விகள். என்ன பொருள், என்ன பெறும், எந்த இடம், எந்தத் தேதி. எவ்வளவு ஆழத்தில் கிடந்தது, சாமி மல்லாந்து கிடந்ததா கவிழ்ந்து கிடந்ததா, மேலே மணல் பரப்பியிருந்ததா, கூடத் தீபக்கால், தூபக்கால் இருந்ததா என்று சட்டம் கேட்கவில்லை. கேட்காததால் கர்ணமும் பெரும்பாலும் எழுதவில்லை. பயந்து ஓடும்போது அவசரமாகப் போட்டார்களா, முறைப்படி மணல் விரித்துப் படுக்க வைத்தார்களா என்பது அதிலிருந்துதான் தெரியும். அதனால் எழும்பூர் போவதற்கு முன்னால், குளம் வெட்டியவர்களின் தெருவுக்குப் போங்கள். வெட்டியவரின் மகனோ மகளோ இருந்தால் இப்போது எண்பது தொண்ணூறு வயதாவது இருக்கும். வீட்டில் அப்பா என்ன சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் ஐயா என்று உட்கார்ந்து கேட்டு, அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குளத்தில் எந்தப் படித்துறைக்கு எந்தப் பக்கம் என்பதையும் நேரில் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் ரயில் ஏறலாம்.